சிங்க்வே தெர்ரே: இறங்கும்போது முழங்கால் வலிக்கும் அம்மாவோடு நடக்க வழி உண்டா?

தென்றல்வீதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசியில் இத்தாலி போகிறோம். நான், என் கணவர், என் அம்மா. ஃபுளோரன்ஸில் கணவருக்கு ஒரு கருத்தரங்கு. அது முடிந்த கையோடு ஒரு வாரத்துக்குச் சற்றுக் குறைவான நாட்கள் எங்களுக்கென்று மிச்சமிருக்கின்றன. லிகூரியா கடற்கரையில், சிங்க்வே தெர்ரே என்ற ஐந்து ஊர்களுக்கு இடையே நடந்தே திரிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சிக்கல் அம்மாவின் முழங்கால். சமதளத்தில் எங்களைவிட வேகமாக நடப்பார். படி ஏறச் சொன்னால் நின்று நின்று ஏறிவிடுவார். இறங்கும்போதுதான் வலி உயிர் போகிறது. "நான் கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீங்கள் ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்கிறார். எனக்கு மனசே வரவில்லை. மலைச்சரிவில் அடுக்கடுக்காகத் திராட்சைத் தோட்டம் இருக்கும் படத்தைக் காட்டினேன். போனைத் திருப்பித் தரவே இல்லை, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் விசாரித்தேன். காலையில் ஃபுளோரன்ஸில் பஸ் ஏற்றி, ஒரே நாளில் ஐந்து ஊரையும் காட்டி, ராத்திரி கொண்டுவந்து விட்டுவிடுகிறாராம். ஊருக்கு 40 நிமிடம். ஆளை விடுங்கள் என்று வந்துவிட்டேன்.

நான் தெரிந்துகொள்ள நினைப்பது இதுதான். எங்கே தங்கினால் வசதி? கடலோரப் பாதை முழுக்கத் திறந்திருக்கிறதா? இணையத்தில் பாதிப் பேர் மூடிவிட்டார்கள் என்கிறார்கள், மீதிப் பேர் போன வாரம்தான் நடந்தோம் என்கிறார்கள். அம்மாவும் கூட வரக்கூடிய நடை ஒன்றாவது உண்டா? அப்புறம் சாப்பாடு. அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். நாங்கள் இருவரும் ஒயின் ருசி பார்ப்போம், ஆனால் அதற்காகவே போகவில்லை.

உப்புக்காற்று எழுதியது:

நீலப் பாதையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதாவது சென்தியேரோ அஸூர்ரோ, நீங்கள் கேட்ட அந்தக் கடலோரப் பாதை. நானும் என் தம்பியும் ஒரு மே மாதம் மொந்தெரொஸ்ஸோவில் ஆரம்பித்து வெர்னாட்சா வரை நடந்தோம். இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். ஆரம்பத்தில் ஏறும் படிகளில் மூச்சு வாங்கும். அதன் பிறகு எலுமிச்சைத் தோட்டம், ஓடை, குறுகலான கல்வழி. ஓரிடத்தில் ஆள் ஒதுங்கி நின்றால்தான் எதிரே வருபவர் போக முடியும். கடைசி வளைவில் திரும்பினால் வெர்னாட்சா துறைமுகமும் கோபுரமும் கீழே தெரியும். எல்லோரும் எடுக்கும் அந்தப் புகைப்படம் அங்கேதான் எடுக்கப்படுகிறது.

செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள். சும்மா சொல்லவில்லை, அபராதம் உண்டு. 50 யூரோவில் ஆரம்பித்து 2,500 வரை போகலாம் என்று 2019இல் அறிவித்தார்கள். அடிப்பாகம் பிடிமானமுள்ள ஷூ வேண்டும்.

அம்மாவுக்கு வியா தெல்லமோரே இருக்கிறதே! ரியோமஜோரேயிலிருந்து மனரோலா வரை ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு, கிட்டத்தட்ட சமதளம், பாறையை ஒட்டிக் கடலுக்கு மேலேயே போகும். 2012 செப்டம்பரில் பாறை சரிந்து சிலர் அடிபட்ட பிறகு மூடிக் கிடந்தது. 2024 கோடையில்தான் திறந்தார்கள். தனிக் கட்டணம், நேரம் குறித்து முன்பதிவு.

குறுக்குவழி எழுதியது:

எனக்குப் பக்கத்து நகரமான லா ஸ்பெட்சியாவில் வேலை. விடுமுறை என்றால் கால் தானாக அந்தப் பக்கம் போய்விடும். கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மாவைப் பற்றித்தான் முதலில். இந்தக் கடற்கரையில் நடப்பவர்கள் எல்லோரும் "எவ்வளவு ஏற வேண்டும்" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது எவ்வளவு இறங்க வேண்டும் என்பதுதான். இங்கே ஏறியதை எல்லாம் எங்காவது இறங்கித்தான் ஆக வேண்டும், அதுவும் ஒழுங்கில்லாத கல்படிகளில். ஒரு படி அரை அடி இருக்கும், அடுத்தது முழங்கால் உயரம் இருக்கும். ஆனால் இந்த ஊர்களுக்கு மேலே பஸ் போகிறது, கீழே ரயில் போகிறது. இரண்டையும் சரியாகச் சேர்த்தால் இறக்கத்தில் பெரும்பகுதியைக் கழற்றிவிடலாம்.

அம்மா விடாமல் பார்த்த அந்தப் படம் எந்த இடம் என்று எனக்குத் தெரியும் போலிருக்கிறது. வொலாஸ்த்ரா. மனரோலாவுக்கு நேர் மேலே, 300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கும் சின்ன ஊர். மனரோலாவிலிருந்து நடந்து ஏறும் வழி முழுக்கப் படி, வேண்டாம். மனரோலா ஸ்டேஷனில் இறங்கி, நடைபாதைச் சுரங்கம் வழியே ஊருக்குள் வந்து, தெருவில் மேலே ஏறிப் போனால் வாகனம் நிறுத்துமிடத்துக்கு அருகே வொலாஸ்த்ரா பஸ் நிற்கும். சின்ன பஸ், கூட்டம் அதிகம், அடிக்கடியும் வராது. அதனால் காலையிலேயே போய்விடுங்கள், நேரத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நடைபாதைக்கான கார்டு (பாதையில் நடக்க வாங்கும் அனுமதி அட்டை) வாங்கியிருந்தால் இந்த பஸ்ஸும் அதிலேயே அடங்கும்.

மேலே மாதா கோயில் ஒன்று இருக்கிறது. கல்லால் கட்டிய பழைய கோயில். அதன் பக்கத்திலிருந்து 586 என்று எண் போட்ட பாதை கிளம்பும். சிவப்பு வெள்ளைக் கோடு வரைந்திருக்கும், தொலைந்துபோக வழியே இல்லை. அங்கிருந்து காசே பியாங்கா என்ற சில வீடுகள் வரை பாதை கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் மலையைச் சுற்றிப் போகிறது. தோட்டத்துக்கு நடுவே, சுவரின் விளிம்பிலேயே நடப்பீர்கள். வலது கைக்குச் சுவர், இடது கைக்குக் கொடி, கொடிக்குக் கீழே இன்னொரு அடுக்கு, அதற்கும் கீழே இன்னொன்று, அப்புறம் கடல். எதிரே ஒரு பாறைத் துருத்தலின் மேல் ஐந்தில் இன்னொரு ஊரான கொர்னீலியா. அதற்கும் அப்பால் பூந்தா மெஸ்கோ முனை. திரும்பிப் பார்த்தால் மனரோலா அடியில் கிடக்கும். போக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா நின்று நின்று பார்ப்பார் என்றால் கூட அரை மணி.

காசே பியாங்காவைத் தாண்டியதும் 587 என்ற பாதை கொர்னீலியாவுக்கு இறங்குகிறது. அந்த இறக்கம் முழங்காலுக்கு ஆகாது. எனவே நீங்களும் கணவரும் கொர்னீலியாவுக்கு இறங்குவதானால் ஒருவர் அம்மாவோடு வந்த வழியே திரும்ப வேண்டியிருக்கும். நான் சொல்வது, மூன்று பேருமே திரும்பி வொலாஸ்த்ராவுக்கு வந்து பஸ் பிடியுங்கள். வந்த வழியே திரும்புவது பலருக்குப் பிடிக்காது. இந்தப் பாதையில் அது பொருட்டே இல்லை, போகும்போது கொர்னீலியா கண்முன்னே இருக்கும், வரும்போது மனரோலா. உயரம் என்றாலே தலைசுற்றும் ஆள் யாராவது இருந்தால் மட்டும் யோசியுங்கள், சில இடத்தில் வெளி விளிம்பில் கைப்பிடி கிடையாது. மழை பெய்த மறுநாளும் வேண்டாம், அந்தக் கல் வழுக்கும்.

நீலப் பாதை நிலவரம் இது. மொந்தெரொஸ்ஸோ முதல் வெர்னாட்சா, வெர்னாட்சா முதல் கொர்னீலியா, இந்த இரண்டு பகுதியும்தான் வழக்கமாகத் திறந்திருப்பவை. இரண்டுக்கும் கார்டு வேண்டும். கொர்னீலியா முதல் மனரோலா வரை கடலோரமாகப் போன துண்டு பல வருடமாகவே மூடியிருக்கிறது. அதனால்தான் நடப்பவர்கள் வொலாஸ்த்ரா வழியாக மேலே சுற்றிப் போகிறார்கள். கடைசித் துண்டு உப்புக்காற்று சொன்ன வியா தெல்லமோரே. இணையத்தில் நீங்கள் பார்த்த முரணுக்குக் காரணம், ஒவ்வொருவரும் வேறு வேறு துண்டைப் பற்றிப் பேசுவதுதான்.

இன்னொன்று. கூட்டம் நெரியும் நாட்களில் மொந்தெரொஸ்ஸோ–வெர்னாட்சா பகுதியைக் காலை வேளையில் ஒருவழியாக்கிவிடுகிறார்கள், வெர்னாட்சா நோக்கி மட்டும். எதிர்த்திசையில் திட்டம் போட்டுவிட்டுப் போய் நிற்காதீர்கள்.

வெர்னாட்சா–கொர்னீலியா பகுதிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. எல்லோரும் கொர்னீலியாவில் கிளம்பி வெர்னாட்சாவுக்கு இறங்குகிறார்கள். வெர்னாட்சா கடல் மட்டத்தில் இருக்கிறது, நடுவில் பிரேவோ என்ற குக்கிராமம் 200 மீட்டர் உயரத்தில், கொர்னீலியா 100 மீட்டரில். கொர்னீலியாவில் கிளம்பினால் 100 ஏறி 200 இறங்க வேண்டும். வெர்னாட்சாவில் கிளம்பினால் 200 ஏறி 100 மட்டும் இறங்கினால் போதும். படி ஏற அம்மாவுக்குச் சிரமமில்லை என்று சொன்னதால் இதைச் சொல்கிறேன். வொலாஸ்த்ரா நடை நன்றாகப் போனால் அடுத்ததாக முயற்சி செய்யலாம், கையில் ஊன்றுகோல் இரண்டும் இருக்கட்டும். கொர்னீலியாவில் ஸ்டேஷனுக்கு இறங்க 382 படி. அம்மா அந்தப் பக்கம் எட்டியே பார்க்க வேண்டாம், ஊர்ச் சதுக்கத்துப் பக்கத்திலிருந்து ஸ்டேஷனுக்கு பஸ் ஓடுகிறது.

இனி தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். வழி விசாரித்தவரிடம் வரலாறு பேசுகிறேன் என்று கோபிக்காதீர்கள். அந்தச் சுவர்கள் எல்லாம் சிமெண்ட், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கல்லோடு கல்லை அடுக்கிக் கட்டியவை. மழைத் தண்ணீர் சுவரின் இடுக்கு வழியே கசிந்து போய்விடும், அதனால் மண் தங்கும். கொடி வளர்ப்பதை விட்டுவிட்டு ஆட்கள் நகரத்து வேலைக்குப் போனதும் முள் மண்டியது, காட்டுப்பன்றி வந்து மூக்கால் கிளறிக் கல்லை உருட்டியது, சுவர் சரிந்தது. கவனிக்க ஆளில்லாத அடுக்குகள்தான் பெருமழையில் முதலில் பிடிவிடுகின்றன. 2011 அக்டோபர் 25 அன்று வெர்னாட்சாவிலும் மொந்தெரொஸ்ஸோவிலும் வெள்ளம் வந்தபோது தரைத்தளக் கடைகள் சேற்றில் புதைந்துபோயின. யுனெஸ்கோ 1997இல் இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 1999இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். விலங்குக்காகவோ காட்டுக்காகவோ அல்ல, பெரும்பாலும் இந்தச் சுவர்களுக்காக. அதனால் படம் எடுக்கச் சுவர் மேல் ஏறி நிற்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு கல் பெயர்ந்தால் அடுத்த மழைக்குள் யாராவது வந்து சரிசெய்ய வேண்டும், அந்த "யாராவது"க்கு அநேகமாக எழுபது வயது இருக்கும்.

வொலாஸ்த்ராவில் பழக்கமான ஒருவருக்கு அறுவடையில் கூடமாட உதவியிருக்கிறேன். கொடியை இங்கே இடுப்பளவுப் பந்தலில் படர விடுவார்கள், கடல் காற்றுக்குத் தாழ்வாக இருந்தால்தான் தாங்கும். அதனால் பறிப்பது நின்றுகொண்டல்ல, பந்தலுக்கு அடியில் குனிந்தும் தவழ்ந்தும். கழுத்துக்குள் இலைத் தூசி, கைகளில் பிசுபிசுப்பு, தலையைச் சுற்றிக் குளவி. குலையைக் கத்தரித்துப் பெட்டியில் போட்டு, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒற்றைத் தண்டவாளம் வரை போக வேண்டும். பல்சக்கரம் பிடித்து ஏறும் சின்ன இயந்திரம் அது, லாரி இன்ஜின் சத்தம், கொடுமையான புகை. 45 டிகிரிச் சரிவில் அது பெட்டிகளோடு ஏறுவதைப் பார்த்தால் கும்பிடத் தோன்றும். அது வருவதற்கு முன்னால் அத்தனையும் தலைச்சுமை. நடக்கும்போது தோட்டத்தினூடே ஒற்றைக் கம்பி போல ஒரு தண்டவாளம் தெரிந்தால் அதுதான். அதன் மேல் கால் வைக்க வேண்டாம்.

நீங்கள் வரும்போது பறிப்பு முடியும் தறுவாயில் இருக்கும். பொஸ்கோ, அல்பரோலா, வெர்மென்தீனோ என்று மூன்று வகைத் திராட்சை. சாதாரண வெள்ளை ஒயின் சாப்பாட்டோடு வரும், லேசாக உப்புக் கரிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு அது பிடிக்கும், சிலருக்குச் சப்பென்றிருக்கும். விசேஷம் ஷாக்கெத்ரா. நல்ல குலைகளைத் தேர்ந்தெடுத்து, காற்றோட்டமான நிழலில் நவம்பர் தொடங்கும் வரை உலர்த்தி, கிட்டத்தட்ட உலர் திராட்சையாக்கிய பிறகுதான் பிழிவார்கள். 100 கிலோ திராட்சைக்கு 35 லிட்டருக்கு மேல் தேறாது. சின்ன பாட்டில், பெரிய விலை. ஒரு குட்டிக் கிளாஸ் வாங்கி இரண்டு பேரும் பங்கு போட்டுக் குடியுங்கள், கடினமான பிஸ்கட் தருவார்கள், தோய்த்துச் சாப்பிடலாம். வொலாஸ்த்ரா பஸ் போகும் வழியிலேயே குரோப்போவில் கூட்டுறவு ஒயின் ஆலை இருக்கிறது.

தங்குவதற்கு லெவாந்தோ. ஐந்து ஊரில் ஒன்று அல்ல, மொந்தெரொஸ்ஸோவுக்கு அடுத்து ரயிலில் சில நிமிடம். ஊர் தட்டையாக இருக்கிறது, மணல் கடற்கரை உண்டு, காய்கறிக் கடை உண்டு, வாடகை கொஞ்சம் மனசாட்சியோடு இருக்கும். ஐந்து ஊருக்குள் தங்கினால் அழகுதான், ஆனால் அறை மூன்றாவது மாடியில் இருக்கும், லிஃப்ட் இருக்காது, பெட்டியை யார் தூக்குவது? ஃபுளோரன்ஸிலிருந்து பீசா வழியாக லா ஸ்பெட்சியா, அங்கிருந்து லெவாந்தோ. ஐந்து ஊரிலும் நின்று போகும் ரயில் லா ஸ்பெட்சியாவுக்கும் லெவாந்தோவுக்கும் இடையேதான் ஓடுகிறது. ரயிலும் நடைபாதையும் சேர்ந்த கார்டு ஒன்று, நடைபாதைக்கு மட்டும் ஒன்று என்று இரண்டு வகை. விலை சீசனைப் பொறுத்து மாறும். அன்றைக்கு எத்தனை முறை ரயில் ஏறுவீர்கள் என்று பார்த்து வாங்குங்கள்.

மதியவெயில் எழுதியது:

குறுக்குவழி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் செப்டம்பர் கடைசியில்கூட அந்த ஊர்களில் பகல் 11 மணிக்கு மேல் ரயில் மேடையில் நிற்க இடம் இருக்காது. எனக்கு அந்தத் தள்ளுமுள்ளில் ரசனையே போய்விட்டது. ஒரு நாளையாவது வடக்கே கமோலிக்கு ஒதுக்குங்கள். கடலைப் பார்த்த உயரமான வீடுகள், மஞ்சளும் செம்மண் நிறமும். அங்கிருந்து படகில் சான் ஃப்ருத்துவோஸோ போகலாம். மலையடிவாரத்தில் கடலோரமாக ஒரு பழைய மடாலயம், கார் போக வழி கிடையாது, படகு அல்லது நடை. கணவர் நடந்து வரட்டும், நீங்களும் அம்மாவும் படகில் போங்கள், அங்கே சேர்ந்துகொள்ளலாம். நடப்பவர் சங்கிலி பிடித்துப் போகும் கடலோர வழியைத் தவிர்த்து மேல் வழியில் வரட்டும். அந்த விரிகுடாவில் தண்ணீருக்கடியில் 17 மீட்டர் ஆழத்தில் கைகளை உயர்த்தி நிற்கும் ஏசு சிலை இருக்கிறது. 1954இல் இறக்கியது.

இன்னொன்று, ஜெனோவா நகரத்தின் நெர்வி பகுதியில் கடலை ஒட்டி ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீள நடைபாதை. பெரும்பாலும் சமதளத்தில் அலைச் சத்தத்தோடு நடக்கலாம். அம்மாவுக்கு இதுவே போதும் என்பேன்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சைவத்துக்கு லிகூரியா நல்ல இடம். ஃபரினாத்தா கேட்டு வாங்குங்கள். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் வேகவைப்பார்கள். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. மிளகுத்தூள் மேலே தூவிச் சூடாகச் சாப்பிட வேண்டும், ஆறினால் தோல் மாதிரி ஆகிவிடும். ஃபொக்காச்சா ரொட்டி எங்கும் கிடைக்கும், காலை நடைக்கு அதைக் கட்டிக்கொண்டு போகலாம். லா ஸ்பெட்சியாவில் மெஸ்சூவா என்று கொண்டைக்கடலை, பீன்ஸ், கோதுமை எல்லாம் சேர்த்து வேகவைத்த சூப் இருக்கிறது. மேலே எண்ணெயும் மிளகும் மட்டும். அம்மாவுக்கு நிச்சயம் பிடிக்கும்.

பெஸ்தோ (பேசில் இலைச் சட்னி) போட்ட த்ரோஃபியே பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை கிடையாது, உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்துத் தருவார்கள். ஆனால் பெஸ்தோவில் பார்மிஜானோ சீஸ் இருக்கிறது. அதைத் தயாரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அம்மா அதையெல்லாம் பார்ப்பவர் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். இன்னொரு பொறி நெத்திலி. மொந்தெரொஸ்ஸோவின் பெருமையே அதுதான், பச்சைச் சட்னி மாதிரி தெரியும் ஒன்றில்கூட அரைத்துப் போட்டிருப்பார்கள்.

தென்றல்வீதி எழுதியது:

அடேயப்பா! இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. மூவருக்கும் நன்றி. குறுக்குவழி அண்ணா, இறக்கக் கணக்கை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இந்தப் பையனுக்கும் முழங்கால் வலி இருக்கும் போல" என்றார். சீஸ் விஷயத்தில் பார்மிஜானோ இல்லாமல் செய்யச் சொல்லிவிடுகிறோம், கன்று சமாச்சாரம் கேட்டதும் முகமே மாறிவிட்டது.

இன்னும் இரண்டு சந்தேகம். நானும் அவரும் மட்டும் ஒரு நாள் நீளமாக நடக்க ஆசைப்படுகிறோம். போர்த்தோவெனேரே என்ற ஊரிலிருந்து ரியோமஜோரே வரை போகிறார்களே, அது நல்லதா? அன்று அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போவதும் கஷ்டமாக இருக்கிறது. அப்புறம் மழை. செப்டம்பர் கடைசி என்றால் பயப்பட வேண்டுமா?

குறுக்குவழி எழுதியது:

அம்மாவுக்கு வணக்கம் சொல்லுங்கள். என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை, என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவரைக் கொர்னீலியா படியில் கைத்தாங்கலாக இறக்கிய அனுபவம்தான் பேசுகிறது.

போர்த்தோவெனேரே நடை அருமையானது, ஆனால் 5 மணி நேரம் வரை பிடிக்கும். கோட்டையை ஒட்டிச் செங்குத்தாக ஏறி, கம்பீலியா வழியாகப் போய், தெலெக்ராஃபோ கணவாயில் 500 மீட்டரைத் தொட்டு, மொந்தெநேரோ மாதா கோயில் வழியாக ரியோமஜோரேக்குச் சடசடவென்று இறங்கும். போர்த்தோவெனேரேக்கு ரயில் கிடையாது, லா ஸ்பெட்சியாவிலிருந்து பஸ்ஸில் போக வேண்டும். லெவாந்தோவில் தங்கிக்கொண்டு அதைச் செய்தால் அன்றைய நாள் முழுக்க அதற்கே போய்விடும்.

உங்களுக்கு நான் சொல்வது லெவாந்தோவிலிருந்து மொந்தெரொஸ்ஸோ. அறையிலிருந்து இறங்கி அப்படியே நடக்க ஆரம்பிக்கலாம். கார்டு வேண்டாம், கூட்டமும் குறைவு. ஆலிவ் தோட்டம், அப்புறம் பைன் மரம். பூந்தா மெஸ்கோவில் இடிந்த சந்த் அந்தோனியோ மடம் ஒன்று இருக்கிறது, 300 மீட்டர் உயரத்தில். வானம் தெளிவாக இருந்தால் ஐந்து ஊரும் வரிசையாகத் தெரியும். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி இறக்கம் மோசமான படி, உங்கள் முழங்காலுக்கும் அது ஒரு பரீட்சைதான். அம்மா ஆற அமர எழுந்து, காபி குடித்துவிட்டு ரயிலில் மொந்தெரொஸ்ஸோ வரட்டும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரேயே கடற்கரை, ஃபெஜீனா. தட்டையான நடைபாதை, பெஞ்சுக்குப் பஞ்சமில்லை. நீங்கள் இறங்கி வரும் வழியும் அந்தக் கடற்கரையின் கோடியில்தான் முடிகிறது, அங்கே பாறையில் பெரிய நெப்டியூன் சிலை ஒன்று கையெல்லாம் உடைந்து நிற்கும். அதன் அருகே சந்திப்பதாகச் சொல்லிவிடுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பார்க்கும் அம்மாவின் திட்டமும் அதோடு நிறைவேறிவிடும்.

போர்த்தோவெனேரேயைப் பார்க்காமல் போக வேண்டாம். அதற்குப் படகு. மொந்தெரொஸ்ஸோ, வெர்னாட்சா, மனரோலா, ரியோமஜோரே நான்கிலும் நின்று போகும். கொர்னீலியாவுக்கு மட்டும் துறை இல்லை. தோட்டங்களின் அடுக்கைக் கடலிலிருந்து பார்ப்பது வேறு மாதிரி இருக்கும், அம்மாவைப் போகும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் உட்கார வையுங்கள், கரை எந்தப் பக்கம் என்று ஏறும்போதே பார்த்துக்கொண்டால் போதும். அலை கொஞ்சம் பெரிதானாலும் படகை நிறுத்திவிடுவார்கள், அதனால் கடைசி நாளுக்கென்று ஒத்திப் போடாதீர்கள்.

மழை என்றால் நாள் முழுக்கச் சிணுங்கும் மழை அல்ல. வந்தால் கொட்டும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுவார்கள், அதைப் பொறுத்துப் பாதைகளை மூடுவார்கள். பூங்காவின் இணையதளத்தில் முந்தின ராத்திரியே போட்டுவிடுவார்கள், படுக்கப் போகும் முன் ஒரு தரம் பாருங்கள். மூடிய பாதையில் தடுப்பைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. நீங்கள் அந்த ரகம் இல்லை என்று தெரிகிறது. அப்படி ஒரு நாள் மழையில் மாட்டினால் ஜெனோவாவுக்கு ரயில் ஏறுங்கள், ஃபரினாத்தா கடை ஒன்றில் நுழைந்துவிடலாம்.

ரயில் சீட்டு காகிதத்தில் வாங்கினால் ஏறும் முன் மேடையில் இருக்கும் இயந்திரத்தில் நேரம் பதிய வேண்டும். உணவகங்களில் மதியச் சமையல் இரண்டரை மணிக்கெல்லாம் முடிந்துவிடும், அப்புறம் ஏழு மணிக்குத்தான் அடுப்பு மூட்டுவார்கள். பில்லில் தலைக்கு இரண்டு மூன்று யூரோ கூடுதலாக இருந்தால் சண்டை போடாதீர்கள், அது கொப்பேர்த்தோ, மேசைக்கான கட்டணம். முட்டை, மீன், நெத்திலி வேண்டாம் என்பதற்கு "சென்ட்சா உவோவா, சென்ட்சா பெஷே, சென்ட்சா அச்சூகே". மூன்றையும் ஒரு சீட்டில் அவர்கள் எழுத்திலேயே எழுதி அம்மாவின் பையில் வைத்துவிடுங்கள்.